பொங்கல்படி வேறு, வீட்டுச் செலவு வேறு

ஒன்றியக் கல்வி அமைச்சகத்தில் நிதியை விடுவிக்கிறவர்களுக்கும், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையில் அதைப் பங்கிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

முக்கூடல் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் நான்காம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒருத்தி. அம்மா பீடி சுற்றிய காசில்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். இப்போது நானும் மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் மடிக்கு அந்தத் தட்டு வந்துவிடக் கூடாது என்று நினைக்கிற தாய்மார்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இந்த மடலை வெளியிடுகிறேன்.

போன வருஷம் சுதந்திர தினத்தன்று பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோனோம். அம்மன் கோவில் முன்னால் கூடி, மேளம் முன்னே போக, பெண்கள் தாம்பாளமும் பனையோலைப் பெட்டியுமாக நடந்தோம். ஒரு தாம்பாளத்தில் சாக்பீஸ் டப்பாக்கள். ஒன்றில் பினாயில், பிளீச்சிங் பவுடர். ஓலைப்பெட்டியில் நாற்பது எவர்சில்வர் டம்ளர். ஆண்கள் இரண்டு மின்விசிறியைத் தோளில் தூக்கி வந்தார்கள். எங்கள் தெரு ஆச்சி ஒருவர், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், தன் கையால் கட்டிய ஐந்து வாரியலுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துக் கொண்டுவந்தார். வாரியலைப் போய்ச் சீர்த்தட்டில் வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "பிள்ளைய உக்காருத எடத்தப் பெருக்கத்தான? தாராளமா வைக்கலாம்" என்றார் ஆச்சி. பெரிய டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது. ஆனால் அந்தத் தட்டுகளில் என்ன இருந்தது என்று மறுபடி பாருங்கள். சாக்பீஸ், பினாயில், வாரியல். இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தின் அன்றாடச் செலவு. அந்த ஆண்டு எங்களுக்குப் பள்ளி மானியம் முழுசாக வந்து சேரவில்லை. அதனால்தான் இவை தாம்பாளத்தில் ஏறின.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கூட்டத்தில் மானியத்தைப் பற்றிக் கேட்டேன். "உங்க ஊர்லதான் ஜனங்க இவ்வளவு செய்யறாங்களே, அது வரும்போது வரட்டும்" என்றார் ஓர் அதிகாரி. பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தை பிறக்கும் முன்னே பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வரும். கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, பச்சரிசி, காய்கறி, வசதியிருந்தால் ஒரு பானை. அப்பாவோ அண்ணனோ கொண்டுவந்து இறக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது பாசத்துக்குக் கொடுப்பது. பொங்கல்படி வந்துவிட்டது, இனி மாசி மாதத்துக்கு அரிசி வாங்க வேண்டாம் என்று ஒரு புருஷன் உட்கார்ந்துவிட்டால் அவனை ஊர் என்ன சொல்லும்? நாங்கள் பள்ளிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான். எங்கள் பாசத்தை உங்கள் வரவு செலவுக் கணக்கில் வரவாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

கணக்கைப் பேசிவிடலாம். சமக்ர சிக்‌ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2018-இல் வந்தது. செலவில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநில அரசு. பள்ளி மானியம் இதிலிருந்துதான் வருகிறது, அதுவும் தலைக்கணக்குப்படி. 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 30-க்கு மேல் 100 வரை 25,000 ரூபாய். எங்கள் பள்ளியில் 32 பிள்ளைகள். 25,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். அதற்குள் குழாய் மாற்ற வேண்டும், மோட்டார் பழுது பார்க்க வேண்டும், கழிவறையைச் சுத்தமாக வைக்க வேண்டும், பதிவேடு வாங்க வேண்டும்.

இப்போது ஒரே ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 என்பது 30 ஆகிவிடும். 25,000 என்பது 10,000 ஆகிவிடும். கூரை அதே கூரைதான், கழிவறை அதே கழிவறைதான், மோட்டாரும் அதேதான். போனது இரண்டு பிள்ளைகள், குறைந்தது பாதிக்கு மேல் பணம். இந்த விதியை எழுதியவர் ஒருநாளாவது சின்னப் பள்ளிக்கூடத்தின் சாவியைக் கையில் வைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பது. ஆமாம், கழிவறைக்குப் போக வேண்டி வருமே என்று குடிக்க மாட்டார்கள். என் மகள் சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். தண்ணீர்ப் பாட்டில் காலையில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தது. ஒரு வாரம் அப்படி. பெரிய டீச்சர் தன் கைக்காசைப் போட்டு மோட்டாரைச் சரிசெய்த பிறகுதான் அது நின்றது. அவர் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தான் போட்ட காசையெல்லாம் அதில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். ஏன் பென்சில் என்று கேட்டேன். மானியம் வந்தால் அழித்துவிடலாம் என்றார்.

இப்படியான வாரங்களில்தான் காலை ஏழரைக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. கடன் வாங்கியாவது அதில் ஏற்றிவிடலாமா என்று பெற்றவர்களுக்குத் தோன்றும். ஏற்றினால் எங்கள் தலைக்கணக்கு குறையும். குறைந்தால் மானியம் குறையும். கடைசியில், பிள்ளைகள் இல்லை, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு கோப்பு வரும். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்று 2010 முதல் நடப்பில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்து ஊருக்கு நடந்துபோவதென்றால் தூரம் மட்டுமா பிரச்சினை? நாங்குநேரியில் 2023-இல் பட்டியல் சமூக மாணவன் ஒருவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டியதைத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் மறக்கவில்லை. எந்தத் தெரு வழியாக எந்தப் பிள்ளை நடக்கலாம் என்று பார்க்கிற கண்கள் இங்கே இன்னும் இருக்கின்றன.

ஒன்றிய அரசுக்கு ஒரு வார்த்தை. 2024-25-ஆம் ஆண்டுக்கு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தீர்கள். பிஎம் ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பது காரணம். அது வேறு திட்டம், இது வேறு திட்டம். நிதியை இப்படி நிறுத்துவது நியாயமில்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2025 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. இருமொழிக் கொள்கை 1968-இலிருந்து இங்கே இருக்கிறது, அது தொடர வேண்டும் என்பதுதான் என் கருத்தும். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். சரி, பேசுங்கள், வழக்காடுங்கள். எங்கள் பள்ளியின் 32 பிள்ளைகளில் எந்தப் பிள்ளை எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தது? 2025 அக்டோபரில் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கான பங்கை மட்டும் விடுவித்தீர்கள். அந்தப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகள்தான், கிடைக்கட்டும். ஆனால் அரசுப் பள்ளிக்கான பணம் நின்றுகிடக்க, தனியார் பள்ளிக்குப் போகிற பணம் முதலில் வந்ததைக் கேட்டபோது பெரிய டீச்சர் ஒன்றும் பேசாமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாநில அரசுக்கும் சொல்ல வேண்டும். டெல்லி தரவில்லை என்பது உண்மை. அதை எங்களிடம் ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்வோம். ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே பதிலாகச் சொன்னால், உங்கள் 40 பங்கு எங்கே என்று கேட்கத்தான் செய்வோம்.

இந்தத் திட்டத்தில்தான் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் வேலை பார்க்கிறார்கள். எங்கள் மேலத்தெருவில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மூளை முடக்குவாதம். அவளுக்காக ஒரு சிறப்பாசிரியை வாரம் ஒருநாள் ஸ்கூட்டரில் வருவார். தார்சாவில் பாயை விரித்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, கரண்டியைப் பிடிக்க வைப்பார். ஏழு மாதம் ஆனது. ஒருநாள் அவள் தானாக ஒரு கரண்டி தயிர்ச்சோறை வாய்க்குக் கொண்டுபோனாள், பாதி கன்னத்தில் அப்பிக்கொண்டது. அவள் அம்மா அழுத சத்தம் கேட்டு என்னவோ ஏதோ என்று ஓடினோம். அந்த ஆசிரியைக்குச் சம்பளம் தள்ளிப்போன மாதமும் உண்டு. பெட்ரோலுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வந்தார். எத்தனை மாதம் ஒருவர் அப்படி வர முடியும்?

கட்டடத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனத் தெம்பு இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லை டவுனில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். பராமரிப்புப் பணத்தில் கைவைக்கும்போது அந்தத் தேதியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் கொடுப்பது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கினார். அப்போது எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டம்தான். ஊர் மக்கள் கொடுத்ததைக் கொண்டுதான் அது தொடங்கியது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஊர் தருகிறது, அது போதும் என்று சொல்லவில்லை. அரசே பெரும் பங்கை ஏற்றுக்கொண்டது. பிற்பாடு 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று அது வளர்ந்தது. என் மகன் இன்று காலை பள்ளியில் சாப்பிட்ட உப்புமாவுக்கு யாரிடமும் கையேந்தவில்லை. அது அவனுக்கு உரியது. சாக்பீசும் தண்ணீரும் சிறப்பாசிரியையும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு அப்படித்தான் உரியவை ஆக வேண்டும்.

அதனால் கேட்கிறோம். மானியத்தை ஜூனில் பள்ளி திறக்கும்போதே முழுசாகக் கொடுங்கள். பிப்ரவரியில் வந்து, மார்ச்சுக்குள் செலவழித்து ரசீது காட்டு என்று சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. தலைக்கணக்கோடு கட்டடக் கணக்கையும் சேருங்கள். எவ்வளவு சின்னப் பள்ளியானாலும் ஒரு கழிவறை, ஒரு மோட்டார், ஒரு கூரைக்கு ஆகிற செலவு குறையக் கூடாது. சிறப்பாசிரியர் சம்பளத்தை எந்த அரசியல் சண்டையிலும் நிறுத்தாதீர்கள். அப்புறம், பள்ளியை இணைப்பதானால் எங்கள் கிராம சபையில் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதையெல்லாம் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம். முக்கூடலைச் சுற்றியுள்ள மற்ற ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடமும் பேசிவருகிறோம். பெரிய டீச்சரின் பென்சில் நோட்டை நகல் எடுத்து, அவர் சம்மதத்தோடு, தீர்மானத்தோடு இணைப்போம்.

அன்றைக்கே சீரும் உண்டு, அதை நிறுத்த மாட்டோம். இந்தத் தடவை பெட்டியில் கதைப் புத்தகங்கள், இரண்டு கால்பந்து, ஒரு ஸ்கிப்பிங் கயிறு, மேலத்தெருப் பிள்ளை பள்ளிக்கு வந்தால் உட்கார ஒரு சாய்வு நாற்காலி. ஆச்சியிடம் இந்த வருஷம் வாரியல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அவர் வேப்பங்கன்று ஒன்றைத் தகர டப்பாவில் வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருத்தி,
முக்கூடல் பக்கம், திருநெல்வேலி மாவட்டம்