கும்பார்வாடாவில் ஒரு சிங்கம்

தாராவி, மும்பை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போட விடாதவள் என் சின்ன மகள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அக்கி!

முதுகில் தொடங்கி வலது விலாவோடு கொப்புளம், அரைப் பட்டை கட்டினாற்போல. பார்த்ததுமே அம்மா, "குயவர்கிட்ட அக்கி எழுதணும்" என்று, கொப்புளத்தின் மேல் காவியால் சிங்கம் வரைந்து வாங்க, கும்பார்வாடாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கிருப்பவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குஜராத்திக் குயவர்கள். இவள் தமிழில் சிங்கம் எழுதச் சொல்ல, அந்தப் பெரியவர் அகல்விளக்கு விலை சொல்லியிருக்கிறார். கடைசியில் அம்மாவே வீட்டில் காவியைக் குழைத்து எழுதினாள். பூனை மாதிரி இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். எடுத்ததும், "அம்மை எப்போது போட்டது?" என்றார். எட்டு மாதத்தில். அதுதான் விஷயமாம். ஒரு வயதுக்குள் சின்னம்மை கண்ட பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே அக்கி வர வாய்ப்பு கூடுதல். அந்தப் பருவத்தில் எதிர்ப்புச் சக்தி முதிர்ந்திருக்காது. அம்மை இறங்கினாலும் வைரஸ் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடக்கும். எழும்பினால் அந்த நரம்பு போகிற வழியிலேயே கொப்புளம். அதனால் உடம்பின் ஒரு பக்கத்தோடு நிற்கும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்று அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து கொடுத்தார். பெரியவர்களுக்குப் போல மாதக்கணக்கில் வலி நீடிப்பது பிள்ளைகளிடம் அபூர்வமாம்.

சீனர்கள் இதை இடுப்பைச் சுற்றும் நெருப்பு, பாம்பு என்பார்கள், இரண்டு முனையும் முட்டினால் ஆள் பிழைக்காது என்று பயப்படுவார்கள் என்று நீ அக்குபங்சர் படித்த காலத்தில் சொன்னாய். அம்மாவும் அதே பயத்தில்தான் அழுதாள். கல்லீரல் நெருப்பு, ஈர உஷ்ணம் என்று அவர்கள் சொல்வதும் நம் பாட்டிகளின் 'சூடு'தானே! கண்ணில் பட்டதை எல்லோரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். எட்டு மாதத்து அம்மையோடு இதை முடிச்சுப் போடத்தான் வேறு கண் வேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்கு அந்தக் கல்லீரல் நெருப்பைத் தணிக்கிற சீனக் கஷாயம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாமடா. அதில் சேரும் மூ தோங் என்ற மூலிகைக்குப் பதில் குவான் மூ தோங் என்ற வேறொரு செடியைப் போட்டுப் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. 2003-இல் சீனாவே அதை விலக்கிவிட்டது. பொட்டலத்தில் எது இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? பெரியவர்களுக்கு வலிக்கு ஊசி குத்து, சரி.

கொப்புளம் காய்ந்துவிட்டது. அதுவரை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை அண்டவிடவில்லை. இதிலிருந்து அதற்குச் சின்னம்மை தொற்றலாம். காவி அழிந்த நாளிலிருந்து என் மகள், "ஆச்சி, அந்தப் பூனையை மறுபடி போடு" என்று ஒரே நச்சரிப்பு.

உன்
செல்வம்