இரட்சிப்பு போய்விட்டதா என்று கேட்ட தம்பிக்கு

கர்த்தருக்குள் பிரியமான தம்பி,

ஸ்தோத்திரம். உனக்கு ஆண்கள்மேல் ஈர்ப்பு இருப்பதைச் சொல்லி, "அக்கா, எனக்கு இன்னும் இரட்சிப்பு இருக்கா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு வாட்ஸப்பில் இரண்டு வரி பதில் போட மனம் வரவில்லை. பெயர் போடாமல் பொதுவில் எழுதுங்கள் என்று நீயே சொன்னதால் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் இருக்கிற பிள்ளைகள் நம் சபைகளில் நிறையப் பேர்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிறது.

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." எபேசியர் 2:8. ஓய்வுநாள் பள்ளியில் நீ தடுக்காமல் ஒப்பித்த வசனம்தான். உன்னால் உண்டாகாத ஒன்றை, நீ கேட்டு வாங்காத ஓர் ஈர்ப்பு எப்படிப் பறித்துவிடும்? ஆண்டு முழுக்கக் கிருபை கிருபை என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள், உன் முறை வந்ததும் "முதலில் மாறு, அப்புறம் வா" என்கிறார்கள். அப்படிச் சொன்னால் அது கிரியையினால், அதாவது நம் செயலால், வரும் இரட்சிப்பு. அதை மறுக்கத்தான் பவுல் கலாத்தியருக்கு அவ்வளவு கோபமாக ஒரு நிருபம் எழுதினார்.

உன்மேல் எறிந்த வசனம் 1 கொரிந்தியர் 6:9. தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் பட்டியல். அதில் ஆண்புணர்ச்சிக்காரர் என்று இருப்பது உண்மை, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அன்றைய கொரிந்துவில் நடந்த எதை மனதில் வைத்துப் பவுல் எழுதினார் என்பதில் வேத அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. அடிமைச் சிறுவர்களை எஜமான்கள் பயன்படுத்தியதைத்தான் கண்டித்தார் என்பாரும் உண்டு, எல்லா உறவுகளையும் சேர்த்துத்தான் என்பாரும் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். அதே பட்டியலை அடுத்த வசனம்வரை வாசி: திருடர், பொருளாசைக்காரர், வெறியர், உதாசினர், கொள்ளைக்காரர். பொருளாசைக்காரரை நம் சபையில் என்ன செய்கிறோம்? கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம், அசன விருந்தன்று முன்வரிசையில் உட்காரவைக்கிறோம். வட்டிக்கு விட்டு வீடுகளை எழுதி வாங்கியவருக்கு யாரும் கைவைத்து ஆவி துரத்தியதில்லை.

ரோமர் முதல் அதிகாரமும் அப்படியே. ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேருவதைக் கண்டிக்கிற 26, 27ஆம் வசனங்களை உனக்கு வாசித்துக் காட்டியவர்கள் அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். பவுல் அங்கே நிறுத்தவில்லை. பொறாமை, புறங்கூறுதல், பெற்றாருக்குக் கீழ்ப்படியாமை என்று அடுக்கிக்கொண்டே போய், இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் பக்கம் திரும்புகிறார்: "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச் சொல்ல உனக்கு இடமில்லை." அங்கிருந்து நடந்து மூன்றாம் அதிகாரத்தில், எல்லாரும் பாவஞ்செய்தவர்கள், எல்லாரும் இலவசமாய் நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்று வந்து சேருகிறார். அந்த "எல்லாரும்" உன்னை மட்டும் விட்டுவிட்டதாக நான் வாசிக்கவில்லை.

இன்னொன்று. "ஆங்கிலிக்கன் பேராயர்களே தீர்மானம் போட்டுவிட்டார்கள்" என்று சபைக் கமிட்டியில் ஒருவர் சொன்னாராமே. உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய 1998 லாம்பெத் மாநாட்டின் தீர்மானத்தைச் சொல்கிறார். நம் தென்னிந்தியத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் உறுப்பு, அதனால் இது நமக்கு அந்நியக் காகிதம் இல்லை. ஓரினச்சேர்க்கை வேதத்துக்கு ஒவ்வாதது என்று அதில் இருக்கிறது, 526 பேர் ஆதரித்து, 70 பேர் எதிர்த்து நிறைவேறியது. ஆனால் அதே தீர்மானத்தில் வேறொரு பகுதியும் உண்டு. ஓரினஈர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம், கடவுள் அவர்களை நேசிக்கிறார், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் நிற்கிற எவரும், ஈர்ப்பு எதுவானாலும், கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அவயவங்கள் என்று அந்தப் பேராயர்கள் உறுதி கூறியிருக்கிறார்கள். உனக்கு எதிராகக் கொண்டுவந்த காகிதமே உன்னை முழு அவயவம் என்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் அந்தச் செயலைத் தவறு என்றுதான் சொல்கிறது. அதுவே, இவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கடுமையான போதனை என்று நாம் நினைக்கிற இந்த இரண்டு இடங்களிலும்கூட, உனக்கு இரட்சிப்பே இல்லை என்ற பேச்சு இல்லை.

திருமணம், துணை பற்றிச் சபைகள் இன்னும் பிரிந்துதான் நிற்கின்றன. அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் சபை ஓரினச்சேர்க்கையைக் கண்டித்து 1972-இல் சேர்த்த வரியை 2024-இல் நீக்கியது. அதற்குள் ஆயிரக்கணக்கான சபைகள் விலகிப்போயின. மனச்சாட்சியோடு தனித்து வாழ முடிவெடுத்த ஓரினஈர்ப்புக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் அப்படி வாழ்வது ஒரு வரம் என்று பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:7). வரத்தைக் கொடுக்கிறவர் தேவன். கமிட்டி அதை ஒருவன் தலையில் சுமத்த முடியாது. மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல என்று ஏதேனில் சொன்னவர் உன்னைப் பார்த்து வேறு மாதிரிச் சொல்வார் என்று நான் நம்பவில்லை.

அந்த உபவாச ஜெபத்தைப் பற்றி உன் அம்மா சொன்னார்கள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் முழங்காலில் நிறுத்தி, தலையில் எண்ணெய் வழிய வழிய இரண்டு பேர் அழுத்திப் பிடித்து, "அசுத்த ஆவியே, பெயரைச் சொல்" என்று காதுக்குள் கத்தினார்களாம். நீ கடைசியில் உன் பெயரையே சொன்னாயாம். தம்பி, உனக்குள் எந்தப் பிசாசும் இல்லை. வரமாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, அடுத்த முறை சொல்.

இப்படி மாற்றிக் காட்டுகிறோம் என்று கிளம்பியவர்களில் பெரியது எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். 1976-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்று 2012-இல் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். ஜெபிக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள், 37 ஆண்டுகள் ஜெபித்தவர்கள். நம் ஊரிலும், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் கொடுத்த தீர்ப்பைத் தொடர்ந்து, இந்த "மாற்றும் சிகிச்சை" செய்கிற மருத்துவர் தொழில் ஒழுங்கை மீறுகிறார் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. யாராவது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றால் இதைச் சொல்.

கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று சித்தப்பா பேசுவதற்கு மட்டும் இணங்கிவிடாதே. வருகிற பெண்ணும் யாரோ பெற்ற பிள்ளை. பலிபீடத்துக்கு முன் நின்று பொய்யாக வாக்குக் கொடுப்பதைவிட, நீ இப்போது இருக்கிறபடி தேவனுக்கு முன் நிற்பது மேல்.

உன் அம்மாவோடு நேற்று வெகுநேரம் பேசினேன். ஊர் என்ன சொல்லும், கொயரில் இருந்து நிறுத்தியது வெளியே தெரியுமா என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாகப் போயிற்று. அவர்கள் அழுது கேட்டது ஒன்றுதான்: "என் பிள்ளை பரலோகத்துக்கு வருவானா?" வருவான் சித்தி என்றேன். எபேசியரை எடுத்து வாசித்துக் காட்டினேன். அதே வசனத்தை அவர்கள் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நீயே போன் பண்ணு.

கர்த்தருக்குள்,
உன் அக்கா