பாதியில் நின்ற பாயைக் காத்தவர்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

பாளையங்கோட்டைக்காரர்கள் சொல்லியிருந்த கல்யாணப் பாய் தறியை விட்டு இறங்கிவிட்டது. கல்யாணத்துக்கென்று தொடங்கியது, வளைகாப்புக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தாமதம் ஏன் என்று பத்தமடையில் எல்லோருக்கும் தெரியும். தாமதமாகவாவது எப்படி முடிந்தது என்பது உதவி செய்தவர்களுக்கே முழுதாகத் தெரியாது. அவரவர் செய்தது அவரவருக்குச் சின்ன வேலையாக இருந்திருக்கும். அதைச் சொல்லிவிடத்தான் இந்த மடல்.

2023 நவம்பரில் என் வீட்டுக்காரர் மவுத்தானபோது, பாயில் மாப்பிள்ளை பெயர் முடிந்து, பெண்ணின் பெயரில் முதல் எழுத்து மட்டும் விழுந்திருந்தது. அதற்கப்புறம் நான் தறிப் பக்கம் போகவில்லை. புருஷன் இறந்தால் பெண்கள் அனுசரிக்கிற இத்தா நான்கு மாதம் பத்து நாள். வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம்தானே, நெய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கோரையை ஆற்றில் போட்டு எடுப்பதும் வெயிலில் காய வைப்பதும் அவர் வேலை. அந்தக் கோரையைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பணம் வேறு வாங்கியிருந்தோம். அப்போது நல்லெண்ணத்தில் இரண்டு பேர் வந்து, "நாங்க உக்காந்து முடிச்சுக் கொடுத்துருதோம்" என்றார்கள். அவர்களுக்கும் நன்றி உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய நன்றி, வாசலிலேயே அவர்களை நிறுத்திய எதிர்வீட்டு மாமிக்கு. "அவ ஆரம்பிச்சது, அவளே முடிக்கட்டும்" என்று மாமி சொன்னது அடுக்களையில் இருந்த என் காதில் விழுந்தது. எனக்கு அன்றைக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. யாராவது முடித்துத் தொலைத்தால் நிம்மதி என்றிருந்தேன்.

மாமி சொன்னதில் தொழில் இருக்கிறது. சாதாரணப் பாய் என்றால் யார் உட்கார்ந்தாலும் நடக்கும். இந்தக் கல்யாணப் பாய் பட்டுப்பாய், பட்டுமாதிரி மெல்லிசான கோரைப் பாய்; அது அப்படியில்லை. பச்சையாக அறுத்த கோரையை வகிர்ந்து காய வைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போட்டு, உப்பி வந்ததைத் திரும்பக் காய வைத்து, இன்னும் மெல்லிசாக வகிர்ந்து நெய்வது. 100 கவுண்ட், 120 கவுண்ட் என்று தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூல் நெருங்க நெருங்க, அச்சை இழுத்து அடிக்கிற கையின் கனம் ஒவ்வொரு இழையிலும் தெரியும். நடுவில் கை மாறினால் அந்த இடத்தில் கோடு விழும். மடித்து வைத்தால் சேலை மாதிரி அடங்குகிற பாயில் அந்தக் கோடு ஒளியாது.

டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமே தண்ணீருக்குள் நின்ற அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஓடும் ஒழுகியது. தறி தரையோடு கிடக்கிறது. அப்படியே தூக்கினால் பாவு தளர்ந்துவிடும். பக்கத்துத் தெருப் பையன்கள் வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கினார்கள். மாமியின் மருமகள் சாயம் ஏற்றிய கோரைக் கட்டுகளை முக்காட்டுக்குள் மறைத்து, தன் வீட்டுப் பரணுக்குக் கொண்டுபோனாள். தறிமேல் முதலில் பழைய நூல் சேலை, அதற்குமேல் தார்ப்பாய். வெறும் தார்ப்பாயைப் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும் என்று அந்தச் சின்னப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! மழை விட்ட பிறகும் தினம் வந்து திறந்து காற்றாட விட்டாள். என்னிடம் பாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பியைக் குடித்தாள், போனாள்.

பாளையங்கோட்டை அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஆள் அனுப்பினேன். அவர்களே புறப்பட்டு வந்துவிட்டார்கள். "பாய்ல இருக்கது எங்க பிள்ளைக பேரு. அது எங்க போயிரப் போகுது? கல்யாணத்துக்கு இல்லேன்னா வளைகாப்புக்கு விரிச்சுக்கிடுதோம்" என்றார்கள். துக்க வீட்டுப் பாய் நல்ல காரியத்துக்கு எதற்கு என்று அவர்கள் சொந்தத்திலேயே ஒருவர் முனகியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்த அம்மா அதை என் காதுக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டதற்கும் சேர்த்தே நன்றி.

இத்தா முடிந்தும் உடனே உட்காரவில்லை. உட்கார்ந்தபோது சிவப்புக் கோரை குறைந்தது. கோரையை ஊறப் போட, என் மகனின் சேக்காளி கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். தேங்கின தண்ணீரில் போட்டால் அழுகிக் கறுத்துவிடும், ஓட்டம் உள்ள இடமாகப் பார்த்துக் கல் ஏற்றி வை என்று மட்டும் சொல்லியனுப்பினேன். என் வீட்டுக்காரர் வழக்கமாகப் போடுகிற இடத்தையே விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறான். சாயம் போட்டுத் தந்த பெரியவருக்கு வயதாகிவிட்டது, கண்ணும் சரியில்லை. பதிமுகக் கட்டையைக் காய்ச்சிச் சிவப்பு எடுத்த காலத்து ஆள். இப்போது கடைச் சாயம்தான். இருந்தாலும் பழைய துண்டையும் புதிய துண்டையும் வெயிலில் சேர்த்துப் பிடித்து, ஒத்துவராத கட்டை ஒதுக்கி, மறுபடி காய்ச்சினார். கூலி வாங்க மாட்டேன் என்று அடம். காசை அவர் பேரன் சட்டைப் பையில் போட்டுவிட்டேன், இப்போதுதான் சொல்கிறேன்.

அப்புறம் கீழத்தெரு லாத்தா, அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நாலு விரல் அகலம் நெய்திருப்பேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "மாஷா அல்லாஹ், கை திரும்பிருச்சே" என்றார்கள். லாத்தா குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது தளர்ந்து கிடக்கு. உருவிரு" என்றார். கோபம் வந்தது. ஆனால் இரக்கப்பட்டுப் பேசாமல், நெய்கிறவளிடம் பேசுகிற மாதிரி பேசியவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு இழையாக உருவினோம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். புதிதாக அடித்த இடத்தில் கோடு தெரிகிறதா என்று நீங்களே போய்ப் பாளையங்கோட்டையில் பார்த்துக்கொள்ளலாம்.

நூல் கடைக்காரர் பாக்கியைக் கேட்கவே இல்லை. அடுத்த மாதம் தந்துவிடுகிறேன், அண்ணாச்சி.

எங்கள் ஊரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் 1953-இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் போன பாயில்தான் தொடங்குவார்கள். பெருமைதான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாய் நெய்யப்படுகையில் அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் சோறு பொங்கிக் கொடுத்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் பாய் எந்த ராணிக்கும் போகவில்லை. அதனால் இதையெல்லாம் நானே எழுதிவிட்டேன்.

அடுத்த பாய்க்கு வரும் சனிக்கிழமை பாவு போடுகிறேன். நூல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். முன்பு முடித்துத் தருகிறேன் என்று வந்தீர்களே, அந்த இரண்டு பேரும் காலையிலேயே வந்துவிடுங்கள். லாத்தா, நீங்களும்தான். சாப்பாடு என் வீட்டில்.

அன்புடன்,
பத்தமடையிலிருந்து உங்கள் பாய்க்காரி