எங்கள் மகனிடம் தமிழில் பேசியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள எங்கள் மகன் இந்த மாதம் இங்கே சிங்கப்பூரில் பாலர்பள்ளியில் சேர்ந்திருக்கிறான். அந்த வாசல்வரை துணைநின்ற உங்கள் எல்லோருக்கும் நானும் என் மனைவியும் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி பேச்சுச் சிகிச்சையாளருக்கும், அவர் அருகில் அமர்ந்து மொழிபெயர்த்த தாதிக்கும் உரியது. அதற்கு முன் வேறோர் இடத்தில் நடந்த பரிசோதனையில் கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தன; அவன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசும்படி எங்களிடம் கூறினார்கள். மன்னார்குடியில் வளர்ந்த என் மனைவிக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அதனால் 6 மாத காலம் அவர் பிள்ளையிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார், தாலாட்டுகூட நின்றுபோயிற்று. அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

சிகிச்சையாளர் மேசைமீது ஒரு கரண்டி, ஒரு சீப்பு, ஒரு தம்ளர் மூன்றையும் வைத்தார். "தம்பி, சீப்பை எடுத்து அம்மாகிட்ட குடு" என்றார் தாதி. அவன் சீப்பை எடுத்தான். கொடுக்கவில்லை, நேரே அம்மாவின் தலையில் வைத்து வாரத் தொடங்கினான். இரண்டு மொழி புழங்கும் வீட்டில் வளர்வதால் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருப்பதைச் சிகிச்சையாளர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். அன்றிரவே வீட்டுக்குத் தமிழ் திரும்பியது.

எங்களைப்போல் வேலை நிமித்தம் இங்கு வாழும் வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கு ஆரம்பகாலச் சிகிச்சைக்கான அரசு மானியம் கிடையாது. 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்ட கட்டாயக் கல்வியும் குடிமக்களுக்கே உரியது. முழுக் கட்டணத்தைக் கட்ட வழியின்றி நின்றபோது ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு உதவிய நண்பர்களுக்கும், சிகிச்சை நாள்களில் எங்கள் மூத்த மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து சோறூட்டிய மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும் நன்றி.

தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. எங்களுக்கே இந்த நிலை என்றால், காத்திருப்பு அறையில் எங்கள் அருகில் அமர்ந்திருந்த பர்மியத் தாயின் பிள்ளையிடம் யார், எந்த மொழியில் பேசுவார்கள்? அந்தக் கவலையை உங்களிடமே வைக்கிறோம். கேட்கும் மனம் உங்களுக்கு உண்டு.

வீட்டுப் பொருள்களைப் படமெடுத்து, தமிழ்ச் சொல்லுடன் 40 அட்டைகள் செய்து, அவற்றை ஒரு கட்டாகச் சிகிச்சை நிலையத்தில் கொடுத்திருக்கிறோம். சீப்பு அட்டையை மட்டும் அவன் தர மறுத்துவிட்டான்; வேறொன்று செய்து அடுத்த வாரம் கொண்டுவருகிறோம்.

நன்றியுடன்,
செங்காங்கிலிருந்து ஒரு தந்தை