தாழ்ப்பாள் உள்ள அறை

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு மதியம்.

என் பெஞ்சுக்காரிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறது என்று அம்மா அழுதாலும் இரக்கப்பட்டு நிறுத்தாதே. என் மாமியாருக்கு அப்படி நிறுத்தித்தான் இன்றைக்கும் கால் முழுசாக மடங்குவதில்லை.

"பதினேழு வருஷ சர்வீஸைத் தூக்கிப் போட்டுட்டு எதுக்குடீ இந்த லைஃப் கோச் வேலை?" என்று கேட்டிருந்தாய். கடைசி வரியில் பொடி எழுத்தில், "எனக்கும் பேங்க்கை விட்டுடலாம்னு தோணுது" என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பொடி எழுத்துக்காகத்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலையை விட்டதற்கு எல்லோரிடமும் ஒரே காரணம்தான் சொல்லி வந்திருக்கிறேன்: அலைச்சல். அதுவும் பொய்யில்லை. வண்ணாரப்பேட்டைக்கும் என் ஐ.டி. கம்பெனி இருந்த நாவலூருக்கும் நடுவில் ஊரே கிடக்கிறது. காலை ஆறே முக்காலுக்கு கேப் ஏறினால் வீடு திரும்ப இரவு ஒன்பது. ஆனால் அலைச்சலுக்காக விடுவதென்றால் பத்து வருஷம் முன்பே விட்டிருப்பேன்.

என் டீமில் ஒரு பெண் பிரசவ விடுப்பு முடிந்து வந்திருந்தாள். 2017-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று ஆக்கினார்களே, அந்த விடுப்பு. அந்த வருஷ அப்ரைசலில் என் டீமிலிருந்து ஒருவரைக் கடைசி ரேட்டிங்கில் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். மீட்டிங்கில் ஒருவர், "அரை வருஷம் ஆளே இல்லையே" என்று அவள் பெயரைச் சொன்னார். சட்டம் 26 வாரம் கொடுத்திருந்தது. எங்கள் ஷீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. நான் வாதாடியிருக்கலாம். இரண்டு நிமிஷம் பேசிப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டேன்.

மறு வாரம் அவளை உட்கார வைத்து ஃபீட்பேக் கொடுத்தேன். அவள் அழவில்லை. "மேடம், நான் என்ன செஞ்சிருந்தா இது வந்திருக்காது? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் இருபது நிமிஷம் பேசினேன், விசிபிலிட்டி, ஓனர்ஷிப் என்று. அவள் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது, அவள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நானும் இரண்டு பெற்றவள்.

அவள் ஆறு மாதத்தில் வேலையை விட்டாள். எனக்கு அதன் பிறகும் நாலு வருஷம் பிடித்தது.

அந்த நாலு வருஷத்தில்தான் இந்த லைஃப் கோச் படிப்பைப் படித்தேன். தன் வாழ்க்கையில் எதை மாற்றுவது என்று ஒருத்தி தானே யோசிக்க, கூட உட்கார்ந்து கேள்வி கேட்டுக் காது கொடுக்கிற வேலை. சனி ஞாயிறுகளில் ஆன்லைன் வகுப்பு. சான்றிதழ் கொடுக்கும் அமைப்புக்கு இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்று பெயர், 1995-ல் தொடங்கியது. முதல் படிக்கு 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்து பேசிய கணக்கு, அதற்கு மேல் மூத்தவர் ஒருவரிடம் நாம் பேசிய விதத்தைக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். சுருக்கமாக ஐ.சி.எஃப். என்பார்கள். எங்கள் அப்பாவிடம் போய், "ஐ.சி.எஃப்.ல சர்டிபிகேட் வாங்கிட்டேன்ப்பா" என்று சொன்னேன். அவர் 36 வருஷம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில், அதுதான் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஃபர்னிஷிங் டிவிஷனில் இருந்தவர் அல்லவா! "இந்த வயசுல உனக்கு ரயில்வேல வேலை குடுத்தாங்களா?" என்று கண் கலங்கிவிட்டார். விளக்கிச் சொன்னதும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்களுதும் கோச்சு, உன்னுதும் கோச்சா?" என்று கேட்டார்.

அவருக்காகவே தேடிப் படித்தேன். இரண்டும் ஒரே சொல்தான். ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே வந்தது. பிறகு ரயில் பெட்டிக்கும், பரீட்சையில் பையனைக் கரை சேர்க்கிற வாத்தியாருக்கும் அதே பெயர் போனது. அப்பாவிடம் சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப வண்டி எங்க போவணும்னு ஏறி உக்காந்தவங்கதான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது" என்றார். அறுபது மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான்.

இனி அறையைப் பற்றிச் சொல்கிறேன். தொடங்கும்போது வீடியோ காலிலேயே பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இங்கே முதல் வாரமே புரிந்துவிட்டது. கொருக்குப்பேட்டையிலோ காசிமேட்டிலோ ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது, ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு தன் மனசை எங்கே உட்கார்ந்து பேசுவாள்? மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுவாள். கக்கூஸில் உட்கார்ந்து பேசினாள் ஒருத்தி. வெளியே வரிசை நிற்கிறது என்று பாதியில் வைத்துவிட்டாள். திருவொற்றியூரில் மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் இருப்பவளுக்கும் கதை வேறில்லை. கதவைச் சாத்தினால், "உள்ள என்ன பண்றே?" என்று மாமியார் குரல் வரும்.

அதனால் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், தையல் கடைக்கு மேலே, சின்னதாக ஓர் அறை பிடித்தேன். மாதம் 6,500 ரூபாய். தியாகராயா கல்லூரி மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். ஒரு ஃபேன், இரண்டு நாற்காலி, ஒரு பாய், தண்ணீர் கேன், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். முதல் முறை வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் அந்தத் தாழ்ப்பாளைத்தான் பார்ப்பார்கள். "போட்டுக்கலாமாக்கா?" என்று கேட்பார்கள். போடச் சொல்வேன். சிலர் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் எதுவும் பேசுவதில்லை. நானும் பேசமாட்டேன். ஃபேன் சத்தம் மட்டும் இருக்கும். நாவலூரில் பதினேழு வருஷத்தில் நான் ஒருவர் முன்னால் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்ததே இல்லைடீ. புத்தி சொல்ல இவர்களுக்கு ஆள் பஞ்சமே இல்லை. புருஷன், மாமியார், நாத்தனார், சீட்டு பிடிக்கிற அக்கா, போனில் வருகிற வீடியோ எல்லாரும் சொல்கிறார்கள். தடுக்காமல் கேட்கத்தான் ஆளில்லை.

யார் என்ன பேசினார்கள் என்பதை உனக்கும் எழுத மாட்டேன். அது அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டியது. ஒருத்தி மட்டும், "பேர் போடாம எழுதிக்கோக்கா" என்று சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

ஒரு துணிக்கடையில் புடவை செக்‌ஷனில் நிற்கிறவள். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது வரை. சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி. கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகக் கிடக்கிறது. முதல் நாள், "அடுத்த மாசம் இந்நேரம் எது மாறியிருந்தா உனக்கு நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். படிப்பு, சொந்தத் தொழில் என்று ஏதாவது சொல்வாள் என்று எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு. அவள், "உக்காரணும்க்கா" என்றாள்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அவளுக்கு அது தெரியாது. சொன்னேன். உடனே போய்க் கேள் என்று சொல்ல என் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது, தனியாகவா நாலு பேரோடா, வேலை போனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்று அவளே ஒவ்வொன்றாக யோசித்தாள். ஐந்து வாரம் ஆனது. தீபாவளி கூட்டத்தில் கேட்டால் எரிச்சல்படுவார்கள், ஆடி தள்ளுபடி முடிந்த பிறகு கேட்கலாம் என்று நாள் பார்த்ததும் அவள்தான். இப்போது அந்த மாடியில் இரண்டு ஸ்டூல் வந்திருக்கிறது. ஏழு பேருக்கு இரண்டு. முறை வைத்து உட்காருகிறார்கள். அன்றைக்கு அவள் மாடி ஏறி வந்து என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சிரித்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

காசு வாங்கலாமா என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தலாக இருந்தது. முதல் இரண்டு மாதம் யாரிடமும் வாங்கவில்லை. காசிமேட்டு அக்கா ஒருத்தி விடியற்காலை ஏலத்துக்குப் போய், கூடையைக் காலி செய்து, தலைக்குக் குளித்துவிட்டு மத்தியானம் வருவாள். வரும்போதெல்லாம் மீன் கொண்டுவந்து வைப்பாள். ஒருநாள், "இன்னாக்கா இது, டாக்டராண்ட போனா துட்டு குடுக்கிறோம். நீ சும்மா பண்ணிக்கினு இருந்தா, 'நீ சொல்றது தப்பு'ன்னு உன்னாண்ட நான் எப்படி சொல்றது?" என்று கேட்டாள். அன்றோடு இலவசத்தை நிறுத்தினேன். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு 100 ரூபாய், ஐ.டி.யிலிருந்து வருகிறவர்களுக்கு 1,500. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு வீட்டுப் பெண்களுக்குக் கணக்கு எழுதி வைத்துக்கொள்கிறேன். வாரக் கடன்காரன் வாசலில் நிற்கிற மாதங்கள் அவை. கடல் திறந்ததும் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் நான் கறாராக இருக்கிறேன். நம் நாட்டில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்சும் வேண்டாம். மனநல மருத்துவருக்கு இருக்கிற படிப்பும் பதிவும் இதற்குக் கிடையாது. அதனாலேயே எல்லை எது என்று நமக்கு நாமே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தூங்காமல் வாரக்கணக்கில் இருப்பவள், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிறவள், வீட்டில் அடி வாங்குகிறவள், இவர்களிடம் "என்ன மாறணும்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாவம். குழந்தை பிறந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண்ணை, அன்றைக்கு வேறு யாரையும் பார்க்காமல், ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மனநலப் பிரிவில் உட்கார வைத்தேன். அவளுக்குத் தேவைப்பட்டது மருந்து. சுவரில் இரண்டு எண் ஒட்டியிருக்கிறேன்: பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு 14416. வகுப்பில் கூடப் படித்த சிலர் மூன்று நாள் பட்டறை நடத்தி, வாழ்க்கையையே மாற்றிக் காட்டுகிறேன் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். எனக்கு அது கோபம்தான்.

இப்போது உன் பொடி எழுத்துக்கு வருகிறேன். விடாதே. இப்போதைக்கு விடாதே.

நான் விட்டது தைரியத்தால் என்று நீ நினைத்திருப்பாய். வீடு சொந்த வீடு. அவருக்குத் துறைமுகத்தில் சம்பளம் நிற்கவில்லை. கிராஜுவிட்டி வந்தது, பி.எஃப்.பைத் தொடவில்லை. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும், புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதால், அதற்கு மூன்று வருஷம் முன்பே தனியாக ஒரு பாலிசி எடுத்து வைத்திருந்தேன். இதெல்லாம் கீழே விரித்த வலை. போன மாதம் இதில் எனக்கு வந்தது 27,000 ரூபாய், அதில் வாடகை போக வேண்டும். முன்னால் வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உன் வீட்டில் உன் சம்பளம்தான் வலை. பெண்ணுக்கு அடுத்த வருஷம் காலேஜ், அம்மா இப்போதுதான் எழுந்து நடக்கிறார்கள்.

ஆனால் ஆசையையும் விடாதே. திருச்சியில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உன்னால் ஒதுக்க முடியும். மகளிர் குழுக் கடனுக்காக உன் கேபின் வாசலில் நிற்கிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் கடனைத் தவிர வேறெதையோ சொல்ல வந்து சொல்லாமல் போகிறார்கள் என்று உனக்கே தெரியும். நூறு மணி நேரம் அப்படி உட்கார்ந்து பார். பிறகும் இதே எண்ணம் இருந்தால், என்னிடம் வா, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

அந்தப் பழைய டீம் பெண்ணுக்கு இரண்டு மாதம் முன்பு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பரவால்லன்னு இல்ல. ஆனா நீங்க கூப்ட்டது நல்லது" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நம் காலேஜ் பக்கம் போனேன். பிராட்வே அப்படியே இருக்கிறது, அதே நெரிசல், அதே பைண்டிங் பசை வாசனை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது இப்போது. நாம் பாஸைத் தொலைத்துவிட்டு பீச் ஸ்டேஷன் வரை நடந்த நாள் நினைவுக்கு வந்தது. நம் பர்மா நூடுல்ஸ், அத்தோ கடையில் நின்று உன் பங்குக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். முட்டைப் பேஜோவில் பூண்டு மட்டும் குறைந்துவிட்டது.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். நேரே அறைக்கு வந்துவிடு. மாடி ஏறியதும் கதவைத் தட்டாதே, உள்ளே யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். கீழே தையல் கடை அக்காவிடம் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளிடம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிரு. தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் அங்கே கேட்கும்.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரி