தாத்தாவின் கச்சேரி ஃபைல்களும் உன் ஸ்கிரிப்டும்

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய, கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டைப் படித்தேன். தாத்தா பதிவு செய்து வைத்த கச்சேரிகளை வேவிலிருந்து எம்பி3 ஆக்குவது நல்ல யோசனைதான். ஆனால் அப்படியே ஓட்டிவிடாதே.

தாத்தா ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும் விதம் உனக்குத் தெரியும்: ‘அகாடமி 25.12.1998’. நீயோ ஃபைலின் பாதை இருக்கும் வேரியபிளிலிருந்து ‘.வேவ்’ என்ற எக்ஸ்டென்ஷனை எடுக்க `%%.*` போட்டிருக்கிறாய். `.*` என்றால் ஒரு புள்ளியும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமும். இரண்டு % போட்டால், பின்னாலிருந்து எவ்வளவு நீளம் பொருந்துமோ அவ்வளவும் போய்விடும். ‘அகாடமி 25.12.1998/தோடி.வேவ்’ என்பதில் மிஞ்சுவது ‘அகாடமி 25’ மட்டும். தோடி, காம்போதி, பைரவி எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான் வரும். ஒன்றின் மேல் ஒன்று எழுதி, கடைசியில் ஒரே ஒரு எம்பி3 நிற்கும். பாதை `./` என்று ஆரம்பித்தால் இன்னும் மோசம், பெயரில் ஒன்றுமே மிஞ்சாது.

ஒற்றை % போடு, கடைசிப் புள்ளியோடு நின்றுவிடும். ஆனால் அதற்கு முன், கடைசி `/` வரை எல்லாவற்றையும் வெட்டும் `##*/` போட்டு ஃபோல்டரைக் கழற்றிவிடு. இந்த வரிசை முக்கியம். சில ஃபோல்டர்களில் ‘குறிப்பு’ என்று எக்ஸ்டென்ஷனே இல்லாத ஃபைல் ஒன்று இருக்கிறது. முழுப் பாதையில் `%.*` போட்டால் அது தேதியில் போய் வெட்டி ‘அகாடமி 25.12’ என்று கொடுக்கும். ஃபோல்டர் மட்டும் வேண்டுமென்றால் `%/*`.

எது முன்னால், எது பின்னால் என்று குழப்பம் வந்தால் கீபோர்டைப் பார். $க்கு இடப்பக்கம் #, அது முன்பக்கத்தை வெட்டும். வலப்பக்கம் %, அது பின்பக்கத்தை.

பாதையிலிருந்து ஃபைல் பெயரையும் ஃபோல்டரையும் பிரித்துத் தர பேஸ்நேம், டிர்நேம் கமாண்டுகளும் இருக்கின்றனதான். லூப்புக்குள் போட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு புராசஸ் கிளம்பும், எனக்கு அது பிடிக்காது. #, % வேலையை ஷெல்லே செய்துவிடும். பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல்லிலிருந்து வந்த வசதி இது. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்திலும் இருப்பதால் பாஷ் ஷெல்லில் மட்டுமல்ல, உபுண்டுவின் டாஷ் ஷெல்லிலும் ஓடும்.

அப்புறம், ‘அகாடமி’க்கும் தேதிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. வேரியபிளை டபுள் கோட்டுக்குள் வைக்காவிட்டால் ஷெல் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். உன் ஸ்கிரிப்டில் இரண்டு இடத்தில் கோட் விட்டுப்போயிருக்கிறது.

மாற்றியதும், கன்வெர்ட் செய்யும் வரிக்கு முன்னால் எக்கோ சேர்த்து ஒருமுறை ஓட்டு, கமாண்டை ஓட்டாமல் திரையில் காட்டும். வரும் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ராத்திரி பார்த்துச் சொல்கிறேன். வேவ் ஃபைல்களை அழிக்கிற வரியை மட்டும் இப்போதே எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா