கூட்டம் முடியுமுன்ன 14 நாள் போயிரும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

பாராளுமன்றத்துக்கு வாற சட்டமூலத்தப் பத்தி நம்மட மட்டக்களப்பு மாநகர சபை தீர்மானம் போடணுமா எண்டு கல்லடியில தேத்தண்ணிக் கடையில ஒரே சண்டை, "குப்ப அள்ளுற சபைக்குச் சட்டம் என்னத்துக்கு கா" எண்டு ஒரு அண்ணன் பிளேன்டீய ஆத்தி ஆத்திக் கேட்டார். கேள்வி சரிதான். ஆனா மாகாண விசயத்துல சட்டம் வந்தா அரசியலமைப்பிட 13ஆம் திருத்தப்படி மாகாண சபைட அபிப்பிராயம் எடுக்கணும், கிழக்கு மாகாண சபை 2017ல கலைஞ்சு போச்சு, மறுகா தேர்தலே இல்ல, அப்ப ஆருட்ட கேக்கிற?

மாநகர சபைத் தீர்மானம் பாராளுமன்றத்தக் கட்டுப்படுத்தாதுதான், ஆனாலும் நம்மட அபிப்பிராயம் எண்டு எழுத்துல ஒண்டு கிடக்குமே. ஆனா சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்துல, அதான் நிகழ்ச்சி நிரல்ல, ஏறி 14 நாளுக்குள்ளதான் அத எதிர்த்து உச்ச நீதிமன்றம் போகலாம், மாசக் கூட்டம் வரமட்டும் பாத்திருந்து கையத் தூக்கி என்ன பிரயோசனம், விசேட கூட்டத்தக் கூட்டுங்க.

புளியந்தீவு வாசகர்